நாலு மணிக் கெண்டி

பால் குவளையின் மினுக்கத்தை யார் அழித்தது என்று ரவீன் கேட்டபோது, குணசுந்தரி சற்றும் யோசிக்காமல் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார்.

"நான்தான்யா. வயசான கை, அழுத்தித் தேச்சிட்டேன்."

சொல்லிவிட்டு அந்தக் குவளையிலிருந்தே அவனுடைய கோப்பையில் பாலை ஊற்றினார். குசினி வாசலில் துடைக்கிற துணியோடு நகுலேஸ்வரி நின்றாள். அழித்தது அவள். அதை அவள் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. குணசுந்தரி அவள் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. பார்த்தால் தம்பி மகன் ரவீனுக்கு விளங்கிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

அது மூன்று வருசத்துக்கு முந்திய தைப்பூசம். லண்டன் குட்மேய்ஸில் குணசுந்தரியின் வீட்டுக்கு நகுலேஸ்வரி கெயர் வேலைக்கு வரத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்குக் காலையில் குளிக்கவும் உடுக்கவும் ஒரு கைத்துணை வேண்டும் என்று கவுன்சில் அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தது. வேலை முடிந்து பத்து நிமிசம் மிஞ்சினால் சும்மா இருக்க நகுலேஸ்வரியால் ஏலாது. எதையாவது துடைப்பாள், எதையாவது மடிப்பாள். தைப்பூசத்துக்கு முதல்நாள் அப்படித்தான் அலுமாரித் தட்டிலிருந்த தேநீர்ப் பாத்திரங்கள் அவள் கண்ணில் பட்டன. ஒரு கெண்டி, ஒரு பால் குவளை, சீனிக் கிண்ணம், ஆறு கோப்பை, அடியில் வைக்க ஆறு பீரிசு. எல்லாம் செம்பு நிறம். வயிற்றைச் சுற்றி ஒரு நீலப் பட்டி. டீ பொட் என்று மற்றவர்கள் சொல்வதை அவள் கெண்டி என்றுதான் சொல்வாள். மூக்கு வைத்த பாத்திரம் என்றால் அவளுக்குக் கெண்டிதான்.

விடிந்தால் முருகனுக்கு விசேசம், வீட்டில் செம்பு மங்கிக் கிடக்கலாமா என்று அவளுக்குப் பட்டது. குசினியில் பழப்புளி இருந்தது, உப்பு இருந்தது, சிங்க்குக்குக் கீழே கம்பி நார் இருந்தது. வேறென்ன வேண்டும்? சின்னதிலிருந்து தொடங்குவோம் என்று பால் குவளையை எடுத்துக் குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரிப் பலமாக மினுக்கினாள். இரண்டு நிமிசத்தில் செம்பு பளபளப்பதற்குப் பதிலாகத் தண்ணீரோடு கரைந்து போனது. உள்ளேயிருந்து மண்சட்டி எட்டிப் பார்த்தது.

அது செம்பே இல்லை. லஸ்டர் என்று சொல்வார்கள். சுட்ட மண் பாத்திரத்தின்மேல் மயிரிழையிலும் மெல்லிய உலோகப் பூச்சைப் பூசித் திரும்பவும் சூளையில் வைத்து எடுப்பார்களாம். வெள்ளியும் செம்பும் வாங்க வசதியில்லாத வெள்ளைக்கார வீடுகளுக்கென்று அந்த நாளில் செய்தது. மெல்லிய துணியால் துடைக்கலாம், அவ்வளவுதான். புளியும் கம்பி நாரும் பட்டால் பூச்சுப் போய்விடும்.

இதெல்லாம் நகுலேஸ்வரிக்கு அப்போது தெரியாது. வெறும் மண்ணாய்ப் போன பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்று பின்னேரம் சுவாமிக்கு விளக்கேற்றினால் தேவாரத்தின் இரண்டாம் அடி ஞாபகத்துக்கு வரவில்லை. காலையில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு எடுத்துக்கொண்டு போனால், அத்தையை ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போக ரவீன் நேரத்தோடேயே வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அவன்தான் குவளையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

அவன் காரைத் திருப்பப் போன இடைவெளியில் நகுலேஸ்வரி பக்கத்தில் வந்து, "அக்கா, அது நான்..." என்று தொடங்கினாள்.

"தெரியும். குவளைக்குள்ள புளி வாசம். பாலு திரியாம இருந்ததே பெருசு."

"பிறகேன் உங்கட பேரைச் சொன்னீங்கள்?"

"அவன் நல்ல பையன். ஆனா எதுக்கெடுத்தாலும் இமெயில் எழுதுவான். உன் ஆபீஸுக்கு ஒண்ணு போயிடும்," என்று செருப்பை மாட்டினார். "இனிமே சுவத்தப் பாத்துத் திருப்பி வைக்காதே. முப்பத்தஞ்சு வருஷம் வீடு வீடாப் போன நர்ஸ் நான். மறைக்கிற பொருள் எந்த மூலையில இருக்கும்னு வாசல்லயே சொல்லிடுவேன்."

பேச்சு அவ்வளவுதான். அதற்குப் பிறகும் அந்தக் குவளையில்தான் பால். வழித்தெடுத்த பக்கம் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முன்னுக்கு.

குணசுந்தரி மலேசியாவில் கிள்ளானில் பிறந்தவர். தகப்பனுக்கு ரயில்வேயில் வேலை. பத்தொன்பது வயதில் நர்ஸ் படிப்புக்கென்று தனியே விமானம் ஏறி வந்தவர், படித்து முடித்து இங்கேயே தங்கிவிட்டார். கலியாணம் செய்யவில்லை. ஒருவரைப் பேசியிருந்தார்களாம், அவர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாராம், தனக்கு அங்கே போக மனம் வரவில்லையாம். கடையில் வாங்கின சட்டை பொருந்தவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்கிற மாதிரி ஒருமுறை சொன்னார். பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. நகுலேஸ்வரி முதல்நாள் அவரை அன்ரி என்று கூப்பிட்டாள். இன்னொரு தரம் அப்படிக் கூப்பிட்டால் கதவு திறக்காது என்றார். அன்றிலிருந்து அக்காதான்.

அவருடைய வேலை புண்ணுக்கு மருந்து கட்டுவதும் ஊசி போடுவதும். முதலில் சைக்கிளில், பிறகு ஒரு சின்னக் காரில். கிழக்கு லண்டனில் அவர் படியேறாத தெரு இல்லை. அப்படிப் போன வீடுகளில் ஒன்றில்தான் இந்தப் பாத்திரங்களை முதலில் கண்டார். ஒரு வெள்ளைக்காரக் கிழவி, காலில் ஆறாத புண். இரண்டு வருசம் கிழமைக்கு மூன்று தரம் போனார். இருட்டான முன்னறையில் உயரத் தட்டில் இந்தக் கெண்டியும் கோப்பைகளும் மட்டும் நெருப்புத் தணல் மாதிரி மினுங்குமாம். கிழவி குடிப்பதோ விளிம்பு உடைந்த பழைய மக்கில். ஏன் இதில் குடிப்பதில்லை என்று கேட்டால், அது நல்ல நாளுக்கு என்பாராம்.

அந்த நல்ல நாள் கிழவியின் செத்தவீட்டன்றுதான் வந்தது. வந்தவர்களுக்கு மகள் அந்தக் கெண்டியில் தேநீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, அம்மா ஒருநாளும் இதில் குடித்ததில்லை என்று அழுதாராம். எல்லாவற்றையும் குணசுந்தரிக்கே கொடுக்க நின்றார். நோயாளி வீட்டில் நர்ஸ் பரிசு வாங்கக் கூடாது என்பது சட்டம், வாங்கவில்லை. மகள் அவற்றைத் தேவாலயத்து விற்பனைக்குக் கொடுத்தார். அந்தச் சனிக்கிழமை மழைக்குள் வரிசையில் முதல் ஆளாக நின்றவர் குணசுந்தரி.

அன்று தொடங்கியது. நாலு மணி என்றால் கெண்டி. வேலை நாட்களில் நாலு மணி ஆறு மணியாகும், ஆனால் கெண்டி இல்லாமல் தேநீர் இல்லை. தபால்காரர், குழாய் திருத்த வந்தவர், கோயில் துண்டுப் பத்திரிகையோடு வந்தவர், யார் வந்தாலும் அந்தக் கோப்பையில்தான். தேநீர் போடுவதற்குத் தண்ணி கலக்குவது என்று பேர். மலேசியாக்காரர் அப்படித்தான் சொல்வார்கள். முதலில் கெண்டிக்குள் கொதிதண்ணீர் விட்டுச் சுழற்றி ஊற்ற வேண்டும். பிறகு மூன்று கரண்டி இலை. பிறகு கொதிதண்ணீர், மூடி, மூடிக்கு மேலே ஒரு துணி. ஐந்து நிமிசம் கதிரையில் இருந்து யன்னலைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கோப்பை.

நகுலேஸ்வரியின் வீட்டிலும் ஒரு தேநீர் செட் இருந்தது. ஜேர்மனியில் கலியாணத்துக்குக் கிடைத்தது. அங்கிருந்து லண்டனுக்கு வரும்போது பிள்ளைகளின் உடுப்பை விட்டுவிட்டு அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள். கண்ணாடி அலுமாரிக்குள் அடியில் ஸ்டிக்கரோடு அப்படியே இருக்கிறது. புருசன் சந்திரகுமார் தேத்தண்ணி குடிப்பது உதைபந்துக் கிளப்பின் படம் போட்ட மக்கில். இதைச் சொன்னபோது குணசுந்தரி கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஸ்டிக்கரப் பிச்சுப் போட்டுட்டுக் குடி லா," என்றார். ஏச்சு வாங்கிய மாதிரியும் இருந்தது, செல்லமாகத் தட்டின மாதிரியும் இருந்தது.

போன வருசத்துக்கு முதல் வருசம் ஐப்பசியில் குணசுந்தரிக்குப் பாரிசவாதம் வந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, முருகன் காப்பாற்றினான். வலது கையின் விரல்களில் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. இன்னொன்றும் போயிருந்தது, அது வெளியே தெரியாதது. எதற்குப் பிறகு எது என்கிற ஒழுங்கு. சட்டைக்கு மேலே உள்சட்டையைப் போடப் பார்ப்பார். பேச்சும் நினைவும் முன்போல இருக்க, கை மட்டும் நடுவழியில் நின்று யோசிக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது ஆறு கிழமை தவணை கொடுத்தார்கள். அந்த ஆறு கிழமையும் நாளுக்கு நாலு தரம் ஆள் வரும், பெரும்பாலும் நகுலேஸ்வரிதான். முடிவில் ஒரு பெண் வந்து, இவரால் வீட்டில் தனியே சமாளிக்க முடியுமா என்று பார்த்து எழுதுவாள். பார்ப்பது பெரிய விசயமில்லை. நோயாளி தன் குசினியில் தானே ஒரு கோப்பைத் தேநீர் போட்டுக் காட்ட வேண்டும். போட்டால் வீடு. போடாவிட்டால் முதியோர் இல்லம்.

ரவீன் ஒரு இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. பகலெல்லாம் வங்கி வேலை, இடையில் நாலைந்து தரம் அத்தைக்குப் போன். அவர் எடுக்கப் பிந்தினால் விடாமல் திரும்பத் திரும்ப அடிப்பான். பூந்தோட்டம் இருக்கிறது, கோயிலுக்குக் கூட்டிப்போக வான் இருக்கிறது என்று படங்களைக் காட்டினான். "டீ எல்லாம் அவங்களே கொண்டுவந்து தருவாங்க, அத்தை."

"நாலு மணிக்கா?"

"மூணு மணிக்கு."

"எதுல?"

ரவீன் போனைப் பைக்குள் வைத்தான்.

அவன் போன பிறகு குணசுந்தரி நகுலேஸ்வரியைக் கூப்பிட்டு எதிரே இருத்தினார். தான் இந்த வீட்டிலேயே இருக்கப்போவதாகச் சொன்னார். ஆறு வாரத்துக்குள் தண்ணி கலக்கப் பழகியாக வேண்டும், நீ பக்கத்தில் நிற்கலாம், கை வைக்கக் கூடாது என்றார். நகுலேஸ்வரி, முருகன் கைவிடமாட்டான் அக்கா என்றாள்.

"முருகன் வந்து எனக்காகத் தண்ணி கலக்க மாட்டான். கும்பிட்டுட்டு வா, வேலையிருக்கு."

முதல் கிழமை மக்கில் பழகினார்கள். அது நகுலேஸ்வரியின் யோசனை. ஒரு மக், ஒரு தேயிலைப் பை, தண்ணீர், பால், லேசாக முடியும் என்று நினைத்தாள். முடியவில்லை. ஒருநாள் பை கேத்திலுக்குள் போனது. ஒருநாள் சீனி மூன்று தரம் போனது. இன்னொருநாள் எல்லாம் சரியாகச் செய்து கடைசியில் பச்சைத் தண்ணீரை ஊற்றினார். ஊற்றிவிட்டு மக்குக்குள் மிதந்த பையைப் பார்த்தார். நகுலேஸ்வரி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எட்டாம் நாள் குணசுந்தரி கெண்டியை எடுக்கச் சொன்னார். நகுலேஸ்வரி மறுத்துப் பார்த்தாள். கடைசியில் எடுத்து வைத்தாள். கெண்டிக்கு முன்னால் நின்றதும் அந்தக் கைகள் வழியைக் கண்டுபிடித்துவிட்டன. சூடு காட்டிச் சுழற்றியது இடது கை, ஊற்றியது இடது கை. இலை மூன்று கரண்டி, எண்ணாமலே மூன்று. தண்ணீர், மூடி, துணி. நாற்பது வருசத்துக்கு மேலாக நடந்த ஒழுங்கு எங்கேயும் போயிருக்கவில்லை. மக்குக்குத்தான் அது தெரியாமல் இருந்தது.

ஆனால் கோப்பைக்கு ஊற்றத் தூக்கினபோது கெண்டி கையிலிருந்து நழுவியது. நகுலேஸ்வரி பாய்ந்து தாங்கிப் பிடித்தாள். அவளுடைய மணிக்கட்டில் சுடுதண்ணீர் பட்டுக் கொப்பளம் போட்டது.

நிறைந்த கெண்டியைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். வலது கை பிடியில், இடது கை துணியோடு அடி வயிற்றில். பிடியிலும் லஸ்டர், வயிற்றிலும் லஸ்டர். கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. உணர்ச்சியில்லாத விரல்களுக்கு எங்கே பிடிக்கிறோம் என்பதே தெரியவில்லை. பிறகு பச்சைத் தண்ணீரில் பழகினார்கள். இரண்டாம் கிழமை ஒரு கோப்பை உடைந்தது. மூன்றாம் கிழமை இன்னொன்று. துணியைத் தடிப்பாகச் சுற்றினால் துணியே வழுக்கியது. றப்பர் கையுறை போட்டுப் பார்த்தார், விரல்கள் உள்ளே போக மறுத்தன. இல்லத்தில் இருந்து ரவீனுக்குப் போன் வந்ததாம், யன்னலோரத்து அறை ஒன்று காலியாகிறது, வைத்திருக்கவா என்று. குணசுந்தரி அதைக் கேட்டுவிட்டுக் கெண்டியில் மறுபடி தண்ணீர் நிரப்பினார்.

ஐந்தாம் கிழமை ஒரு செவ்வாய்க்கிழமை. பாலை ஊற்றிவிட்டுக் குவளையைக் கீழே வைக்காமல் வலது கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "நகுலா, இது ஏன் வழுக்கல?"

அப்போதுதான் அவளும் கவனித்தாள். இத்தனை நாளில் எல்லாம் நழுவியது, பால் குவளை ஒருநாளும் நழுவவில்லை. குணசுந்தரி பெருவிரலால் தடவிக் காட்டினார். புளியும் உப்பும் கம்பி நாரும் பட்ட பக்கத்தில் பூச்சோடு அடியிலிருந்த மினுமினுப்பும் போய்ச் சொரசொரவென்று இருந்தது. விரல் அங்கேதான் ஒட்டிக்கொண்டு நின்றது.

"இதையும் தேய்," என்று கெண்டியைக் காட்டினார்.

நகுலேஸ்வரி இரண்டு அடி பின்னுக்குப் போனாள். "எனக்கு ஏலாது அக்கா. ஒருக்கால் செய்த பாவமே போதும்."

"பாவம் கழியுதுன்னு நெனச்சுக்கோ."

"நூற்றெண்பது வருசத்துச் சாமான் எண்டு ரவீன் தம்பி இன்ரர்நெற்றில பாத்துச் சொன்னவர். நான் மினுக்கமாட்டன். என்ர கையால மாட்டன்."

"நூத்தெம்பது வருஷம் மினுங்கினது போதும். இப்ப என் கையில நிக்கட்டும்." குணசுந்தரி சிங்க்குக்குக் கீழே குனிந்து கம்பி நாரைத் தேடினார். குனிந்தவருக்கு நிமிர முடியவில்லை, ஆனாலும் தேடுவதை விடவில்லை. "நீ தேய்க்கலன்னா நானே தேய்ப்பேன். நான் தேய்ச்சா உடையும். எது நல்லதுன்னு நீயே சொல்லு."

நகுலேஸ்வரி அவரைத் தூக்கி இருத்திவிட்டுப் புளியை ஊறப்போட்டாள்.

மூன்று நாள் எடுத்தது. பிடி முழுவதும், அடி வயிற்றில் ஒரு உள்ளங்கை அகலம். தேய்க்கத் தேய்க்கச் சிவப்புத் தண்ணீர் வழிந்தோடியது. நகுலேஸ்வரி கந்தர் சஷ்டி கவசத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே தேய்த்தாள். குணசுந்தரி கதிரையில் இருந்து, இன்னும் கொஞ்சம், இந்தப் பக்கம், அங்கே இன்னும் மினுங்குது என்று வேலை ஏவிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ரவீன் வந்தான். கெண்டியைக் கண்டதும் அவன் முகம் மாறிவிட்டது. "அத்தை, இது ஆன்டிக்."

"நானும் ஆன்டிக்தான்யா. என்னையும்தான் ஷோகேஸ்ல வைக்கப் பாக்குறே."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் குணசுந்தரி அதே கெண்டியைப் பச்சைத் தண்ணீரோடு இரண்டு கையாலும் தூக்கி அவனுக்கு முன்னால் ஒரு கோப்பையை நிரப்பினார். பீரிசில் கொஞ்சம் சிந்தியது. கெண்டி நழுவவில்லை. ரவீன் அந்தத் தண்ணீரைக் குடித்தான். அந்த யன்னலோரத்து அறைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, செவ்வாய் வரைக்கும் பொறுக்கச் சொல்கிறேன் என்றான்.

செவ்வாயன்று மூன்றரைக்கு, பார்த்து எழுத வேண்டிய அந்தப் பெண் வந்தாள். பெயர் ஜதுர்ஷிகா. இங்கே பிறந்த தமிழ்ப்பிள்ளை, பேச்சு இங்கிலிஷ், நடுவில் அன்ரி அன்ரி என்று வரும். நகுலேஸ்வரிக்கு மனம் துள்ளியது. ஜதுர்ஷிகா கோட்டைக் கழற்றி மாட்டும்போது குணசுந்தரியின் காதுக்குள், எங்கட பிள்ளைதானே, நான் ஒரு சொல் சொல்லட்டோ என்று கேட்டாள்.

"வாயத் திறந்தே, உன்னய வெளியில நிறுத்திடுவேன்."

ஜதுர்ஷிகா கேத்திலுக்குச் சாய்க்கிற தாங்கி ஒன்று கொண்டுவந்திருந்தாள். அதில் வைத்தால் தூக்காமலே ஊற்றலாம். குணசுந்தரி அதைத் திருப்பிப் பார்த்து, இது நல்ல சாமான் என்று உடனே வைத்துக்கொண்டார். அடுத்ததாக அவள் இரண்டு கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் குவளையை எடுத்தாள். குணசுந்தரி அதை மரியாதையாக அவளுடைய பைக்குள்ளேயே திருப்பி வைத்தார். பிறகு அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

சூடு காட்டினார், ஊற்றினார். இலை போட்டார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் அம்புலன்ஸ் ஒன்று சத்தத்தோடு போனது. குணசுந்தரி தலையைத் திருப்பி யன்னலைப் பார்த்தார். திரும்பி வந்தபோது கை நின்றுவிட்டது. கரண்டி இலை டப்பாவுக்கு மேலே, கண் கெண்டியில். போட்டதா, போடவில்லையா என்று அவருக்கு மறந்துவிட்டது என்பது நகுலேஸ்வரிக்கு விளங்கியது. ஜதுர்ஷிகாவின் பேனை காகிதத்தில் எதையோ எழுதத் தொடங்கியது. நகுலேஸ்வரி துடைக்கிற துணியை முறுக்கிக்கொண்டு நின்றாள். ஒரு சொல் போதும். போட்டுட்டீங்கள் அக்கா என்று ஒரு சொல். ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் அக்கா தனியே செய்ததாகாது. முருகா முருகா என்று மனதுக்குள் சொன்னாள்.

எவ்வளவு நேரமோ தெரியாது. குணசுந்தரி கரண்டியைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் கெண்டியின் வயிற்றில் வைத்தார். குனிந்து உள்ளே பார்த்தார். இலை இருந்தது. "போட்டாச்சு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கேத்திலைச் சாய்த்தார். மூடி. துணி. கதிரையில் போய் இருந்து ஐந்து நிமிசம் யன்னலைப் பார்த்தார். ஜதுர்ஷிகா, அன்ரி களைத்துப்போனீங்களா என்று இங்கிலிஷில் கேட்டாள். இல்லை, ஊறுகிறது என்றார்.

பிறகு எழுந்தார். வலது கை பிடியில், இடது கை துணியோடு அடியில். துணி சொரசொரப்பில் பிடித்துக்கொண்டது. தூக்கினார். மூன்று கோப்பையும் நிரம்பின.

"குடிச்சிட்டு எழுது," என்று ஒன்றை ஜதுர்ஷிகாவின் முன்னால் நகர்த்தினார். வேலை நேரத்தில் குடிப்பதில்லை என்றாள் அவள். குணசுந்தரி பால் குவளையை அவள் பக்கம் தள்ளிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் பேனையை மூடிவைத்துவிட்டுக் கோப்பையை எடுத்தாள்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. காலையில் அரை மணி நேரம் ஆள் வரும், மற்றப்படி தனியே இருக்கலாம் என்று எழுதியிருந்தது. அந்த அறை வேண்டாம் என்று ரவீன் இல்லத்துக்குச் சொல்லிவிட்டான். நாலு மணிக்கும் போன் அடிக்கிற பழக்கத்தை மட்டும் அவன் விடவில்லை. கை வேலையாக இருக்கிறது, பிறகு பேசு என்று குணசுந்தரி வெட்டிவிடுவார். அதைக் கேட்டால் அவனுக்கும் நிம்மதி.

அதற்குப் பிறகு ஒன்றரை வருசம் குணசுந்தரி தன் வீட்டில் இருந்தார். இரண்டு தைப்பூசத்துக்கு ஆர்ச்வே மேட்டில் ஏறினார், ஒருமுறை தடியோடு, அடுத்தமுறை ரவீனின் கையைப் பிடித்துக்கொண்டு. இன்னும் ஒரு கோப்பை உடைந்தது. மிஞ்சியது மூன்று. நாலாவது ஆள் வந்தால் பொறுத்திருந்து குடிக்க வேண்டும் என்று சட்டம் வைத்தார், யாருக்கும் மக் கொடுக்கவில்லை. இந்த ஆனியில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை, நித்திரையிலேயே போய்விட்டார். படுத்துக் கிடக்காமல், யாரிடமும் கை ஏந்தாமல் அப்படிப் போக எத்தனை பேருக்குக் கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை நகுலேஸ்வரிக்கு லீவு. அவள் அவரைக் கடைசியாகக் கண்டது வியாழக்கிழமை காலை. அன்று குணசுந்தரியின் முகம் கொஞ்சம் வெளிறியிருந்தது, குளித்து உடுத்து முடிக்க வழக்கத்தை விடக் கூட நேரமானது. பசியாறிவிட்டு யன்னலோரக் கதிரையில் சாய்ந்திருந்தார். நகுலேஸ்வரி கோட்டைப் போட்டாள், போட்டுவிட்டும் போக மனமில்லாமல் நின்றாள். கிட்டத்தானே வீடு, பின்னேரம் ஒருக்கால் வாறன், இண்டைக்கு மட்டும் நான் தேத்தண்ணி போட்டுத் தாறன் அக்கா என்று கேட்டாள்.

குணசுந்தரி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ வீட்டுக்குப் போய்ப் புள்ளைங்களப் பாரு. நாலு மணிக்கு நான் கலக்கிக்குவேன். கதவ நல்லா இழுத்துச் சாத்து."